துரை வீட்டுத் துரு

ஞாயித்துக்கிழமை பாண்டிச்சேரி காந்தி வீதியில ஒரு இரும்பு வாங்கியாந்திருக்க. சந்தோஷம் தம்பி. உனக்கில்ல, வித்தவனுக்கு.

அன்னிக்கு அங்க நெறையக் கடை கதவு சாத்தியிருக்கும். சாத்தின கதவுக்கு முன்னால துணி, செருப்பு, பழைய புஸ்தகம்னு பரப்பியிருப்பாங்க. கொஞ்சம் தள்ளிப் போனா கோணிச்சாக்கு மேல நட்டு, போல்ட்டு, சாவியில்லாத பூட்டு, பூட்டில்லாத சாவி. அங்கதான் உன் பொக்கிஷம் கெடந்திருக்கு. வித்தவன் இரும்பையா பார்த்தான்? உன் காலப் பார்த்தான். ரப்பர் செருப்பா இருந்தா "பழைய இரும்புண்ணே, கிலோ கணக்கு"ம்பான். வெள்ளை ஷூவா இருந்தா "பிரெஞ்சுக்காரன் காலத்து சார், துரை வீட்டுல இருந்து வந்தது"ம்பான். இந்த ஊர்ல எந்தத் துருவத் தொட்டாலும் அது துரை வீட்டுத் துருதான். 1954 நவம்பர் 1ல ஆட்சிய ஒப்படைச்சுட்டுக் கெளம்பின துரை இவ்வளவு இரும்ப விட்டுட்டுப் போயிருந்தான்னா, அவன் போன கப்பல்ல பாரமே இருந்திருக்காது.

பாகூர் ஏரிக்கரையில மாடு பார்க்குற கெழவனுக்கு இரும்பப் பத்தி என்ன தெரியும்னு நெனைக்கிற. நெனை, தப்பில்ல. கெணத்து ராட்டினத்துல இருந்து கரும்பாலை உருளை வரைக்கும் எண்ணெய் போட்ட கை இது. காசு கொடுத்து வாங்கினது நீ, வாயால கெடுக்கப் போறது நான். கேட்டுட்டுப் போ.

மொதல்ல வாங்கினதக் கவுத்துப் பாரு. மேல் பக்கம் பொய் சொல்லும், அடிப்பக்கம் சொல்லாது. எடைக்கல்லா? அடியில ஒரு குழி இருக்கும், குழியில ஈயம், ஈயத்து மேல முத்திரை. எடை சரியான்னு பார்த்து அதிகாரி குத்தினது. எந்த வருஷம் சோதிச்சாங்கன்னு அதுலயே இருக்கும். பளபளப்பாக்குறேன்னு அதையும் சேத்துத் தேய்ச்சா, கல்லோட ஜாதகத்தையே கிழிச்சுப் போட்டுட்டன்னு அர்த்தம். கல்லு மேல இந்தி எழுத்து இருந்தா இன்னும் விசேஷம். துரைக்கு இந்தி யாரு சொல்லிக்கொடுத்தாங்கன்னு வித்தவனப் போயிக் கேளு.

தையல் மிஷின் காலு வாங்கி, மேல கண்ணாடி போட்டு மேசையாக்கி, கபேவுல வெச்சிருக்கியாமே. அந்தப் பூ வேலைக்கு நடுவுல சிங்கர்னு எழுத்து இருக்குதா? சிங்கர் அமெரிக்கக் கம்பெனி, 1851ல ஆரம்பிச்சது. நம்ம பக்கம் வந்த பழைய மிஷின் பலது ஸ்காட்லாந்துல கிளைட்பேங்க்குங்கிற ஊர்த் தொழிற்சாலையில செஞ்சது. மிஷின் தலையும் கூட இருந்தா அதுல ஒரு நம்பர் குத்தியிருக்கும். அந்த நம்பர வெச்சு எந்த வருஷத்துச் சரக்குன்னு கண்டுபுடிச்சிடலாம். ஸ்காட்லாந்துல பொறந்து, முத்தியால்பேட்டையில யாரோ ஒரு டெய்லர் காலுல ஆயுசு பூரா மிதிபட்ட இரும்பு அது. நீ அதுக்குப் பக்கத்துல 'பிரெஞ்சு கவர்னர் மாளிகை'ன்னு போர்டு வெச்சிருக்க. காப்பி வெலைய ஏத்த வேற வழியா இல்ல?

புதுசா வார்த்து, ஆசிட் தெளிச்சு, ஈர மண்ணுல பொதைச்சு, ஆறே மாசத்துல நூறு வயசாக்கிக் கொடுக்குற ஆளுங்களும் உண்டு. அவங்க சரக்குல எல்லா எடத்துலயும் துரு ஒரே அளவா ஏறியிருக்கும். நெசமான பழசு அப்படி இருக்காது. கை புடிச்ச எடம் வழவழன்னு, கை போகாத சந்து சொரசொரன்னு கெடக்கும். திருகாணித் தலையில சிலுவை வெட்டு இருக்குதான்னும் பாரு. அந்த வெட்டு 1930கள்லதான் கடைக்கே வந்தது. 1850ல செஞ்சதுன்னு வாங்கின வெளக்குல சிலுவைத் திருகாணி இருந்தா, வெளக்கையும் அணைச்சிடு, வாயையும் மூடிக்க.

வார்ப்பிரும்பு ஒரு மாதிரியான ஆளு. நூத்துக்கு 2ல இருந்து 4 பங்கு வரைக்கும் கரி கலந்திருக்கும். அந்தக் கரி உள்ள செதில் செதிலா உக்காந்திருக்கிறதால இரும்பு வளைஞ்சு கொடுக்காது, ஒடைஞ்சிடும். வளைஞ்சு கொடுக்கிறது தேனிரும்பு, கொல்லன் அடிச்சுச் செய்யிறது. ஜன்னல் கம்பி தேனிரும்பு. பூப்போட்ட பால்கனிக் கிராதி, கெணத்து ராட்டினம், பணியாரக்கல்லு எல்லாம் பெரும்பாலும் மண் அச்சுல ஊத்தின வார்ப்பு. இந்த வார்ப்பு வித்தைய இங்கிலீஷ்காரன் நம்ம கடற்கரையிலயே செஞ்சு பார்த்தான். கடலூரத் தாண்டி பரங்கிப்பேட்டையில 1830ல ஹீத்துன்னு ஒருத்தன் ஆலை போட்டான். கல்லு சேலத்துல இருந்து வந்துது, எரிக்க மரக்கரி. காடும் காலியாச்சு, கடைசியில கம்பெனியும் காலியாச்சு. உனக்குத் துரை இரும்புதான் வேணும்னா அந்தத் துரையத் தேடிப் போகலாம். ஆனா அவன் பிரெஞ்சுக்காரன் இல்லியே, கபேவுல சொல்லிக்க நல்லா இருக்காது.

ஒடையிற சாதிங்கிறதால, துருவ எடுக்கிறதுக்கு முன்னால விரிசல் இருக்குதான்னு பாக்கணும். சட்டியோ கல்லோ, கயித்துல கட்டித் தொங்கவிட்டு வெறல் முட்டியால ஒரு தட்டுத் தட்டு. சத்தம் ணங்குன்னு இழுத்துக்கிட்டே போனா உசுரு இருக்குது. டப்புன்னு செத்துப்போனா எங்கியோ விரிஞ்சிருக்குது. எங்கன்னு கண்டுபுடிக்க மிஷினெல்லாம் வேணாம். சந்தேகப்படுற எடத்துல மண்ணெண்ணெய தடவு. கெடைக்கலன்னா டீசல். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, துணியால ஈரமே தெரியாத அளவுக்குத் தொடைச்சிடு. அப்புறம் சாக்பீஸ இடிச்சு அந்தத் தூள மெலிசாத் தூவிட்டு ஒரு பீடி நேரம் சும்மா இரு. பீடியப் பத்தவெக்கச் சொல்லல, அந்த நேரம் காத்திருன்னேன். விரிசலுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற எண்ணெய் மெல்ல ஏறி, வெள்ளைத் தூள்ல ஒரு கோடு போட்டுக் காட்டும். அந்தக் கோட்டப் பார்த்துட்டா சமைக்கிற ஆசைய விட்டுடு. பட்டறையில சாதா ராடு வெச்சு ஒட்டிடலாம்பான். ஒட்டின எடத்துக்குப் பக்கத்துலயே புதுசா விரியும். வார்ப்ப ஒட்டணும்னா நிக்கல் ராடு வேணும், மொதல்ல சூடேத்தணும், அப்புறம் அவசரப்படாம ஆறவிடணும். அந்தப் பொறுமை உள்ள பட்டறைய நீ கண்டுபுடிச்சா எனக்கும் வழி சொல்லு.

இன்னொண்ணு, இதுல நான் வெளையாடல. குப்பத்துல வலைக்கு ஈயக்குண்டு காய்ச்சி ஊத்தின இரும்புச் சட்டிங்களும் சந்தைக்கு வரும். உள்பக்கம் சாம்பல் நெறத்துல பூசினாப்பல, கத்தி முனையால கீறினா மெத்துனு ஏதாவது வந்தா அது ஈயம். எத்தன தடவ தேய்ச்சாலும் அந்தச் சட்டி சோத்துக்கு ஆகாது. செடி வெய்யி. கீரையும் வெக்காத, பூச்செடி வெய்யி.

இனி உன் ஆசைக்கு வருவோம். இரும்பு மின்னணும், மொகம் தெரியணும். அதுக்குத்தான மூணு வகை ஆசிட்டும் ஒரு கிரைண்டர் மிஷினும் வாங்கி வெச்சிருக்க? பிரெஞ்சுக்காரன் பெரிய வாய்க்கால நடுவுல விட்டு, கடல் பக்கம் வெள்ளைப் பட்டணம், இந்தப் பக்கம் கறுப்புப் பட்டணம்னு ஊர ரெண்டாப் பிரிச்சான். அவன் போயி இத்தன வருஷமாச்சு, உனக்கு இன்னும் வெள்ளைதான் ஒசத்தி. இரும்பு விஷயத்துல அந்தப் புத்தி செல்லாது தம்பி. இரும்பு கறுப்புப் பட்டணத்து ஆளு. கறுப்பா இருக்கிற வரைக்கும்தான் அது உசுரோட இருக்கும்.

ஏன்னு கேளு. துருங்கிறது இரும்பும் தண்ணியும் காத்தும் சேந்து செய்யிற வேல. காத்துல ஈரம் நூத்துக்கு சுமார் 60 தாண்டினா போதும், மொட்டை இரும்பு மேல கண்ணுக்குத் தெரியாம ஈரம் படிய ஆரம்பிச்சிடும். உப்பு சேந்தா அதுக்கு முன்னாலயே. நம்ம ஊர்ல அறுபதுக்குக் கீழ எறங்குற ராத்திரி எத்தன சொல்லு. நீ சாயங்காலம் தேய்ச்சு வெள்ளையாக்கி வெக்கிற. பீச் ரோட்டுக் காத்து வந்து விசாரிச்சுட்டுப் போவுது. காலையில மஞ்சப் பூத்திருக்கும். பழைய கறுப்பு எதுக்கு இருந்துதுன்னா, அதுதான் சட்டை. சட்டைய உரிச்சுட்டுக் குளிருதேன்னா எப்படி?

நம்பிக்கையில்லன்னா காந்தி சிலைக்கிட்ட நின்னு கடலப் பாரு. பிரெஞ்சுக்காரன் 1866ல தெறந்த இரும்புப் பாலத்தோட மிச்சம் அங்க தலையக் காட்டிக்கிட்டு நிக்கும். துறைமுகத்துக்குப் போட்ட பாலம். சரக்கு எறக்கி, ஆள எறக்கி, கவர்னருங்கள எறக்கி, கடைசியில 1952 புயல்ல சாஞ்சுது. அத்தன வருஷம் தாங்கினதே பெரிசு. அதுக்கப்புறம் கட்டின கான்கிரீட்டுப் பாலத்துலயும் ஒரு பகுதி 2022 மார்ச்சுல கடல் சீறினப்போ விழுந்துது. மேல சிமெண்ட்டப் பூசினாலும் உள்ள இருக்கிறது இரும்புக் கம்பிதான், உப்புக்கு அது தெரியும். இந்தத் துருவப் படிக்கிறதுக்குன்னே காரைக்குடியில ஒரு பெரிய கூடம் இருக்கு, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுக்க, 1953 பொங்கலப்ப தெறந்தாங்க. மண்டபம்ங்கிற ஊர்ல கடலோரமா விதவிதமான உலோகத்த வெச்சு, வருஷக்கணக்கா எப்படி அரிக்குதுன்னு பாத்தவங்க அவங்க. படிச்சவங்களே உப்புக்காத்துக்கிட்ட அவ்வளவு மரியாதையா நடந்துக்கிறாங்க. நீ ஒரு ஆசிட் பாட்டில நம்பி எறங்கியிருக்க.

ஒடனே டெல்லி இரும்புத் தூணக் காட்டுவ, தெரியும். 1600 வருஷமாத் துருவே புடிக்கலியேம்ப. அது அடிச்சுச் செஞ்ச தேனிரும்பு தம்பி. அதுல பாஸ்பரஸ் அதிகம். அது மேல்தோல்ல ஒரு படலமா மாறிக் காவல் காக்குதுன்னு கான்பூர் ஐஐடி பாலசுப்ரமணியம் ஆராய்ஞ்சு சொல்லியிருக்கார். அதோட, தூண் நிக்கிறது டெல்லிக் காத்துல. அத எடுத்தாந்து குருசுக்குப்பத்துல நட்டு வெச்சுட்டு அப்புறம் பேசு. அந்தத் தூணும் வெள்ளையா இல்லங்கிறத மறந்துடாத.

ஆசிட்தான் ஊத்துவேன்னா ஊத்து. கக்கூஸ் கழுவுற ஆசிட்டயே தாராளமா ஊத்து. அஞ்சு நிமிஷத்துல துரு நொரையா கெளம்பும், பாக்க நல்லாருக்கும், மூக்கு எரியும். துருவத் தின்னு முடிச்சதும் அது கைய கட்டிக்கிட்டு உக்காரும்னு நெனைக்கிற பாரு, அங்கதான் இருக்கு வேடிக்க. இரும்பையும் கடிக்கும். போகும்போது வார்ப்போட நுண்ணிய ஓட்டைங்கள்ல குளோரைடு உப்ப வெச்சுட்டுப் போவும். கடல் காத்து கொண்டாந்து போடுற அதே உப்ப நீயே காசு கொடுத்துப் போட்டுக்கிட்ட. கிரைண்டரும் அப்படித்தான், எழுத்தயும் பூவயும் சேத்து வழிச்சுடும். பழசுக்கு வெல கொடுக்கிறதே அந்த எழுத்துக்கும் தேய்மானத்துக்கும்தான். கிரைண்டர் போட்டு முடிச்சா உங்கிட்ட மிஞ்சுறது காயலான் கடை எடைக்கு இரும்பு, நல்லாத் தேய்ச்ச இரும்பு.

சரி, திட்டினது போதும். மெல்லிசாப் பூத்திருக்கிற துருவுக்கு மண்ணெண்ணெயும் பித்தளக் கம்பி பிரஷும் எதேஷ்டம். கொஞ்சம் ஆழமா எறங்கியிருந்தா வினிகர். வினிகரும் தண்ணியும் சரிக்குச் சரி. நம்ம ஊர்ல நீ பாட்டில் கடைப் பக்கம் போகாம மளிகைக் கடையில நாலு பாட்டில் வினிகர் கேட்டன்னா, கடைக்காரனுக்கே உம்மேல சந்தேகம் வரும். கவலப்படாத, வாங்கு. அரை மணிக்கொருக்கா எடுத்துப் பாத்துத் தேய்ச்சுப் போடு. ராத்திரி ஊறப்போட்டுட்டுப் படுத்தா வினிகரும் இரும்பத் திங்கும், கொஞ்சம் மரியாதையாத் திங்கும், அவ்வளவுதான். புளிக்கரைசலும் எலுமிச்சையும் இதே சாதி. எடுத்ததும் சமையல் சோடா கரைச்ச தண்ணியில அலசிப் புளிப்பக் கொல்லு. ஒடனே அடுப்புல காட்டி ஈரத்த ஓட்டு. "வெயில்ல காயட்டும்"னுட்டுப் போயி டீ குடிச்சுட்டு வந்தா, டீ சூடு ஆறுறதுக்குள்ள துரு திரும்பி வந்திருக்கும்.

ரொம்ப மோசமாக் கெடக்குறதுக்குக் கரண்டு வைத்தியம் இருக்கு. பிளாஸ்டிக் தொட்டியில தண்ணி, நாலு லிட்டருக்கு ஒரு பெரிய கரண்டி சலவைச் சோடா. பழைய பன்னெண்டு வோல்ட் பேட்டரி சார்ஜர் ஒண்ணு. செவப்பு ஒயர் ஒதவாத இரும்புத் துண்டுக்கு. கறுப்பு ஒயர் உன் பொருளுக்கு. மாத்திக் கொடுத்தன்னா ஒதவாத துண்டு பொழைச்சுக்கும், உன் பொக்கிஷம் கரைஞ்சு போயிடும். பார்த்தியா, இங்கயும் கறுப்புதான் காப்பாத்துது. ரெண்டும் தண்ணிக்குள்ள ஒண்ணையொண்ணு தொடக்கூடாது. துண்டு தேடும்போது வீட்டுல இருக்கிற எவர்சில்வர் கரண்டியப் போட்டுடாத, குரோமியம் கரைஞ்சு தண்ணியே வெஷமாயிடும். வேகமா நடக்கட்டும்னு உப்பும் போடாத, குளோரின் வாயு கெளம்பும். சரியாச் செஞ்சாலும் ஹைட்ரஜன் குமிழி விடும், அதனால தெறந்த வெளியில வெய்யி, பக்கத்துல பீடி வேணாம். கைய விடுறதுக்கு முன்னால சுவிட்ச அணை. இதோட பெரிய கொணம் என்னன்னா, துருவ மட்டும் தளர்த்திட்டு நல்ல இரும்பத் தொடாம விட்டுடும். மனுஷனுக்கே இல்லாத கொணம்.

துரு போச்சா? இப்பதான் வேலையே ஆரம்பம். இங்கதான் உங்க ஆளுங்க போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பிட்டுக் கெளம்பிடுறாங்க.

தோசைக்கல்லோ பணியாரக்கல்லோ ஆனா அதப் பழக்கணும். கல்லு பழகுறதுக்குள்ள நீ பழகிடுவ. உங்க ஆயா என்ன செய்யும்? புதுக் கல்ல வடிச்ச கஞ்சியில ஊறப்போடும், தேய்ச்சுக் கழுவும், அடுப்புல வெக்கும், வெங்காயத்த ரெண்டா வெட்டி நல்லெண்ணெயில தொட்டுத் தொட்டு கல்லு மேல வட்டமாத் தேய்ச்சுக்கிட்டே இருக்கும். வெங்காயத்துலதான் சூட்சுமம்னு நீ நெனச்சுக்கிட்டிருக்க. வெங்காயம் ஒரு பிரஷ், சூடு தாங்குற பிரஷ், வாசனையும் கொடுக்கும். சூட்சுமம் எண்ணெயில, அதுவும் எண்ணெயோட அளவுல. மெலிசாப் பூசின எண்ணெய் நல்ல சூட்டுல ஒண்ணோடொண்ணு கோத்துக்கிட்டுக் கெட்டியான கறுப்புத் தோலா மாறும். அது வெறும் எண்ணெய் இல்ல, இரும்பக் கவ்விக்கிட்ட பூச்சு. தோசை ஒட்டாம வரதுக்கும் துரு அண்டாம இருக்கிறதுக்கும் அதுதான் காரணம்.

தாராள மனசு உனக்கு இந்த எடத்துல மட்டும் கூடாது. கல்ல சூடாக்கு. துணியில எண்ணெய் தொட்டு எல்லாப் பக்கமும் தடவு, அடிப்பக்கம், கைப்பிடி எல்லாம். அப்புறம் வேற துணியெடுத்து, போட்ட எண்ணெய பூராவும் தொடைச்சு எடுத்துடுறதுன்னு கங்கணம் கட்டிக்கிட்டுத் தொடை. எவ்வளவு தொடைச்சாலும் கொஞ்சம் தங்கும், அந்தக் கொஞ்சம்தான் வேணும். அடுப்ப மெல்ல மெல்ல ஏத்து, திடீர்னு ஏத்தினா பழைய வார்ப்பு விரியும். பொகை கெளம்பும், ஜன்னலத் தெற. பொகை அடங்குற வரைக்கும் விட்டு அணைச்சு, தானா ஆறவிடு. இதையே நாலஞ்சு தடவ. கல்லு மொதல்ல செம்பழுப்பாகும், அப்புறம் காப்பிப்பொடி நெறம், அப்புறம் கறுப்பு. பிசுபிசுன்னு கையில ஒட்டுதா? எண்ணெய் ஜாஸ்தி. நீ கல்லுக்கு எண்ணெய் போடல, எண்ணெயில கல்லப் போட்டிருக்க. ஆளிவிதை எண்ணெய் சீக்கிரம் கெட்டியாகும், ஆனா ஒரு நாள் தகடு தகடா உரிஞ்சும் வரும். தேங்காயெண்ணெய் லேசுல கெட்டியாகாது, வேணாம். நல்லெண்ணெய்க்கு என்ன கொறச்சல்?

மொத நாலு தோசை பிஞ்சுதான் வரும். மாவத் திட்டாத, பொண்டாட்டியையும் திட்டாத. புளிக்கொழம்பு, தக்காளித் தொக்கெல்லாம் அதுல செஞ்சா அந்தப் புளிப்பு நீ ஏத்தின தோல உரிச்சுடும். கொஞ்சம் சோப்புப் போட்டுக் கழுவினா ஒண்ணும் ஆகிடாது, ராத்திரி தொட்டியில ஊறவிட்டாதான் பாவம். காய்ஞ்ச கல்லுல தண்ணி தெளிக்கலாம், சொம்போட ஊத்தாத. சப்பாத்திக்குத் தனிக் கல்லு வெச்சுக்க, அதுல சுட்டுட்டு இதுல தோசை வரலியேன்னு எங்கிட்ட வராத. இவ்வளவையும் கேட்டுட்டு, "இல்ல பெரியவரே, ஏற்கெனவே பழக்கின கல்லு ஆன்லைன்ல வருது"ம்ப. வரட்டும். அதுவும் துருப்புடிக்கும், அப்ப நானும் இங்கதான் இருப்பேன்.

சமைக்காத சாமானுக்கு எண்ணெய் சுட வேணாம். தையல் மிஷின் காலு, ராட்டினம், எடைக்கல்லு, கரி இஸ்திரிப் பெட்டி இதெல்லாம் தளர்ந்த துருவ மட்டும் எடுத்துட்டு நிறுத்திடு. அடியில அழுத்தமாப் புடிச்சிருக்கிற பழுப்ப விட்டுடு. நாட்டு மருந்துக் கடையில கடுக்காய் வாங்கி இடிச்சுக் காய்ச்சி, ஆறினதும் பிரஷால பூசு. கடுக்காய்த் துவர்ப்புல இருக்கிற டானின் மிச்சத் துருவோட சேந்து கருநீலமாகி, அப்புறம் கறுப்பாயிடும். அந்தக் காலத்துல கடுக்காயும் அன்னபேதியும் போட்டு எழுத மை காய்ச்சினதும் இதே கணக்குலதான். கடையில துரு மாத்தின்னு டப்பாவுல விக்கிறதுலயும் பல சரக்குல இந்த டானின்தான், வெல மட்டும் வேற. காஞ்ச பிற்பாடு தேன்மெழுக லேசா உருக்கித் தேய்ச்சு, துணியால மெருகு ஏத்து. இன்னும் கறுப்பு வேணும்னா கிராஃபைட் தூள் தொட்டுக்க, சிவகங்கைப் பக்கம் பூமிக்குள்ளயே கெடக்குது. மிஷின் தலையில தங்கப் பூ எழுதியிருந்தா ஸ்பிரிட்டும் தின்னரும் அண்டவிடாத. பூவும் அரக்கும் ஒண்ணாக் கரைஞ்சு வரும். மிஷின் எண்ணெய் போதும்.

பால்கனிக் கிராதியா? அது தனிப் புராணம், சுருக்கமாச் சொல்றேன். பழைய பெயிண்ட்டுல ஈயம் இருக்கும், அதனால வறட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுத் தூசியக் கெளப்பாத. தண்ணி தொட்டுத் தேய், மூக்கக் கட்டிக்க, கொழந்தைய அடுத்த வீட்டுல விடு. தேய்ச்ச அன்னிக்கே ரெட் ஆக்சைடு அடிச்சிடணும், நாளைக்குன்னா மறுபடி தேய்க்கணும். கம்பி செவுத்துக்குள்ள போற எடத்த மட்டும் நல்லாப் பாரு. துரு, தான் தின்ன இரும்ப விடப் பல மடங்கு எடம் கேக்கும். எடம் கெடைக்கலன்னா செவுத்தப் பொளந்துக்கிட்டு வெளிய வரும். துய்மா வீதியில கிராதிக்குப் பக்கத்துல சுண்ணாம்பு பேந்து நிக்கிற வீடு பார்த்திருப்பியே, அது சுண்ணாம்போட குத்தமில்ல. பேந்த எடத்துல சிமெண்ட்ட அப்பிட்டு வேல முடிஞ்சுதுன்னு மேஸ்திரி சொல்லுவான். உள்ள இருக்கிற துருவுக்கு மேல தாழ்ப்பாள் போட்டிருக்கான், அவ்வளவுதான்.

எல்லாம் செஞ்சுட்டேன், இனி தொட வேண்டாம்ல, அப்படின்னு கேப்ப. அதுதான் கேக்கக் கூடாத கேள்வி. உப்புக்காத்து தெனம் வரும், உன் எண்ணெய்த்துணி மாசத்துக்கொருக்காவாவது போகணும். அடுப்புல தெனம் ஏறுற கல்லுக்கு இந்தக் கவலையே இல்ல, தோசை சுடுறவங்க கையே அதுக்கு வைத்தியம். அலமாரியில ஏத்தி வெச்சு வெளக்குப் போட்டுக் காட்டுறியே, அதுக்குத்தான் செலவு ஜாஸ்தி. வாங்கினதுல பாதிய அடுப்புக்கும் கெணத்துக்கும் கொடுத்துடு, மீதிய மட்டும் தொடைச்சுக்கிட்டிரு.

காலமும் பாத்து எறங்கணும். ஐப்பசி கார்த்திகையில துருவெடுக்கிறவன் கூலியில்லாம கடலுக்கு வேல செய்யிறவன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம்மூர்கிட்டதான் கரையேறுச்சு. ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டித் தீர்த்து, வீட்டுக்குள்ள தண்ணி நின்னுது. அப்படி ஒரு வாரத்துல எந்த வினிகரும் எந்தக் கடுக்காயும் நிக்காது. அந்த மாசத்துல எண்ணெயத் தடவி, காகிதத்துல சுத்தி, ஒசரமா எடுத்து வெச்சுட்டுக் கம்முனு இரு.

பங்குனி வெயில் வரட்டும் தம்பி, எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு பாகூர் வா, சேந்து செய்வோம். நல்லெண்ணெய் ரெண்டு லிட்டர் எடுத்துக்க, கிழிஞ்ச வேட்டி எவ்வளவு இருந்தாலும் எடுத்துக்க. ஆசிட் பாட்டில மட்டும் வீட்டுலயே வெச்சுட்டு வா, கக்கூசு கழுவ ஆகும்.